பிஸ்கட் டின்னில் போட்ட இரண்டு பிளக்

தம்பி,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரி நேற்றுத் தபாலில் வந்தது. தாள் நல்ல தாள்தான். பெண் பெயருக்குக் கீழே அவள் அப்பா பெயர், அதற்குக் கீழே அவர் பார்க்கும் உத்தியோகம். உன் பெயருக்குக் கீழே உன் அப்பா பெயர், பக்கத்தில் என் பெயர், அதற்குக் கீழே வெறும் ஊர்ப் பெயர், ‘விருத்தாசலம்’. அவ்வளவுதான். கூடவே நீ எழுதியிருந்த துண்டுக் காகிதத்தையும் படித்தேன். ‘மோட்டார் மெக்கானிக் என்று போட வேண்டாம் அம்மா. பெண்ணுடைய சித்தப்பா பெண்ணாடத்தில் இருக்கிறார். பழைய கதை அவர் காதுக்குப் போனால் வீண் பேச்சு வரும். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.’ திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பா வேப்பூரில் லாரி வேலையில் இருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். அதனால் இதை நான் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர் வீட்டு வாத்தியார் நாளைக் காலை மெட்ராஸ் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புவேன். நீ படித்துவிட்டு, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் படித்துக் காட்டு. ஒளித்து வைக்க வேண்டாம். ஒளித்தது போதும்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை அதிகம். உனக்குத் தெரியாது, நான் தெரியவிட்டதில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த மறு வாரமே நீ அந்தப் பெண்ணுக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினாயாமே! அவள் அம்மா பூரித்துப்போய்ச் சொன்னாள். எனக்கு நீ எழுதுவது கார்டு. ‘நலம். வேலை அதிகம். அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.’ அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, யாரும் சாப்பிட முடியாமல் கீழே கொட்டினேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கண்ணுக்கு லட்சணமான பெண், படித்த பெண். ஆனால் ஆறு பக்கம் என்னத்தைத்தான் எழுதியிருப்பான் இவன் என்று வயிறு எரிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே வயிற்றெரிச்சல்தான் நீ சொல்கிற அந்தப் பழைய கதையைச் செய்தது. நீ நினைத்துக்கொண்டிருப்பது போல உன் அப்பாவின் கவனக்குறைவு இல்லை.

உன் அப்பா அப்போது ஜங்ஷன் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். ஊரில் ஓடிய டாக்சி அத்தனையும் அவர் கைதான். நான் பீங்கான் ஷெட்டில். கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் சூளையிலிருந்து வெளியே வந்ததும், அதில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மரக்குச்சியால் தட்டினால் நல்லது கணீரென்று கேட்கும், கீறியது பொத்தென்று கேட்கும். அப்படியும் சந்தேகம் வந்தால் சிவப்பு மையில் முக்கித் துடைப்போம். நல்ல பீங்கானில் மை நிற்காது. கீறல் இருந்தால், அது கண்ணுக்கே தெரியாத கீறலாக இருந்தாலும், தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு உள்ளே இறங்கி நின்றுவிடும். பிறகு எத்தனை துடைத்தாலும் போகாது.

காரில் இருக்கிற பிளக்கிலும் அதே வெள்ளைப் பீங்கான்தான் என்று உனக்குத் தெரியும். பொறி அதன் நுனியில் விழுந்தால்தான் பெட்ரோல் பற்றும். பீங்கான் கீறியிருந்தால் கரண்டு நுனிக்குப் போகாமல் கீறல் வழியாக ஓடிவிடும். ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். அப்போதெல்லாம் புது பிளக் வேண்டுமென்றால் கடலூருக்கு ஆள் போக வேண்டும். அதனால் உன் அப்பா கழற்றிய பிளக்குகளையே பெட்ரோலில் கழுவி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் மையில் முக்கிப் பார்த்து, நல்லதை பிஸ்கட் டின்னிலும் கீறியதைப் பவுடர் டப்பாவிலும் போடுவேன். பிஸ்கட் டின்னில் இருப்பதை அவர் திருப்பிப் பார்க்க மாட்டார், அப்படியே கொண்டுபோய் வண்டியில் திருகிவிடுவார். “என் கண்ண வுட ஒன் கண்ணு நல்ல கண்ணு” என்று ஒரு தடவை சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் என்னைப் புகழ்ந்து வந்தது அது ஒன்றுதான். மற்றபடி வீட்டில் அவர் பேசுவதை விரல் விட்டு எண்ணலாம். “வந்துட்டேன்.” “சோறு போடு.” “பய தூங்கிட்டானா?” அத்தோடு சரி. ஆம்பிளைகள் அப்படித்தான் என்று நானும் இருந்துவிட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தானே இருக்கிறார்கள்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஒரு லேடி டாக்டர் மாற்றலாகி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆகாய நீலத்தில் ஒரு பழைய கார், தானே ஓட்டுவாள். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் கார் இழுவை இல்லாமல் திணறுகிறது, பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறது என்று உன் அப்பாவிடம் கொண்டுவந்தாள். வால்வு கருகியிருக்கிறது, இஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டும், நாலு நாள் ஆகும் என்று இவர் சொன்னார். சரி, அதோடு போக வேண்டியதுதானே? போகவில்லை. ஆஸ்பத்திரி முடிந்ததும் தினம் கொட்டகைக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் போனேன். கொட்டகைக்கு வெளியே நிற்கும்போதே யாரோ கலகலவென்று பேசுகிற சத்தம் கேட்டது. யாரோ இல்லை, உன் அப்பா! ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, எட்டு வால்வையும் குடைக்காளான் மாதிரி வரிசையாகச் செருகி வைத்திருந்தார். “ஒவ்வொரு வால்வுக்கும் அதுக்குன்னு ஒரு சீட்டு இருக்குதுங்க டாக்டரம்மா. ஒண்ணாம் நம்பரத் தூக்கி மூணாம் நம்பருல வச்சா ஒக்காராது. ஒக்காரலன்னா அனல் கசியும். கசிஞ்சா ஓரம் கருகிடும். ஒங்க வண்டியில நாலாவது அப்பிடித்தான் ஆயிருக்குது, இந்தா பாருங்க.” அவள் வாங்கிப் பார்த்தாள். “மனுச நெஞ்சுலயும் வால்வு இருக்கே, தெரியுமா ஒங்களுக்கு?” என்றாள். “அது கருகிப்போனா யாருங்க தேய்ச்சு ஒக்கார வைப்பாங்க?” என்று கேட்டார் உன் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த மனுஷனுக்கு வேடிக்கையாகப் பேசத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் அவர் வால்வில் தேய்ப்பதற்கான பசையைத் தடவி, ரப்பர் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவது போல முன்னும் பின்னும் உருட்டினார். கரகரவென்று சத்தம். “மொதல்ல இப்பிடித்தான் கத்தும். கொஞ்ச நேரத்துல சத்தம் மாறும். கேட்டுக்கினே இருங்க” என்றார். குச்சியை அவள் கையில் கொடுத்தார். அவளும் உருட்டினாள். சத்தம் மெல்ல இறங்கி, வழவழவென்று ஆனதும் “மாறிடுச்சு!” என்று சின்னப் பெண் மாதிரி கத்தினாள். வால்வின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் காட்டினார், ஒரு சொட்டும் கீழே கசியவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, “வாங்கம்மா, நீங்களும் வந்து பாருங்க” என்று நல்லவிதமாகத்தான் கூப்பிட்டாள். உன் அப்பா திரும்பிப் பார்த்து, “வச்சிட்டுப் போ” என்றார். நான் வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்த ‘வச்சிட்டுப் போ’ என் கூடவே நடந்து வந்தது. அவர்களுக்குள் வேறு எதுவும் இருந்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அது இருந்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். பேச்சு, தம்பி. அந்தப் பேச்சுதான். எனக்கு வர வேண்டியதை வேறு யாருக்கோ அள்ளிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சோறு கேட்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் அந்த நீலக் காரின் நாலு பிளக்கையும் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் வண்டியைக் கொடுக்க வேண்டுமாம். நான் மையில் முக்கித் துடைத்தேன். இரண்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. மற்ற இரண்டிலும் சிவப்புக் கோடு. யாரோ சரியில்லாத ஸ்பேனரைப் போட்டுத் திருகிக் கீறிவிட்டிருக்கிறார்கள். நான் அவற்றை விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோட்டின் மேலே கொஞ்சம் கிரீஸைத் தடவித் துடைத்து மங்கலாக்கி, நாலையும் பிஸ்கட் டின்னில் போட்டேன். ஒன்று என்றால் கை தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு கை தவறாது. வண்டி திணறட்டும், நடு ரோட்டில் நிற்கட்டும், இவரொன்றும் பெரிய மேதாவி இல்லை என்று அவள் நினைக்கட்டும், வேறு மெக்கானிக்கைப் பார்த்துப் போகட்டும். இவ்வளவுதான் நினைத்தேன். டாக்டர் வண்டி என்றால் எங்கே போகிற வண்டி, எதற்குப் போகிற வண்டி என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்ததுதான் என் குற்றம்.

இரண்டு நாள் வெயில். கார் நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. பெண்ணாடத்துப் பக்கம் ஒரு வீட்டில் பிரசவம் சிக்கலாகி, ஆள் அனுப்பி டாக்டரை அழைத்தார்கள். பாதி வழியில் ஈரம் ஏறி, நாலில் இரண்டு பிளக் செத்து, கார் உலுக்கி உலுக்கி நின்றுவிட்டது. ஒரு கரும்பு வண்டியில் ஏறி, நனைந்துகொண்டே பையை மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். மாட்டு வண்டி எந்த வேகத்துக்குப் போகும்? தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று உன் அப்பா பிறகு அவளிடமே கேட்டார். “சொல்ல முடியாதுங்க” என்றாள். அந்த ‘சொல்ல முடியாது’ பதினாலு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

காரைப் பார்க்க உன் அப்பாதான் பஸ் பிடித்துப் போனார். பிளக்கைக் கழற்றி மழை விட்ட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். இஞ்சின் சூட்டில் நான் தடவிய கிரீஸ் உருகிப் போய், சிவப்புக் கோடு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் பிளக்கைச் சிவப்பு மையில் முக்குகிறவள் ஒருத்திதான். கோடு விழுந்திருக்கிறது என்றால் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும் பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அங்கே கூடி நின்றவர்களிடம், “என் தப்புங்க. பிளக்கப் பாக்காம மாட்டிட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அவர்மேல் வருத்தப்படவில்லை. ஆனால் கூடப் போன கம்பவுண்டர் ஊரெல்லாம் சொன்னான். பிளக் பார்க்கத் தெரியாத மெக்கானிக் என்று பேராகிவிட்டது. டாக்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். டாக்டரும் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போய்விட்டாள். கொட்டகை காலியானது.

உனக்கு ஒரு நாள் நினைவிருக்கும். ஸ்கூலில் யாரோ உன்னிடம், “ஒங்கப்பா புள்ளயக் கொன்னவராமே” என்று கேட்டுவிட்டான். நீ அழுதுகொண்டே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் முன்னால் நின்று, “பாக்காமலா மாட்டினீங்க?” என்று கேட்டாய். அவர் சோற்றிலிருந்து கையை எடுக்காமல், “ஆமாண்டா. பாக்கல” என்றார். நான் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அன்றிலிருந்து நீ அவரைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அவர் ஸ்பேனரை எடுத்துக் கொடு என்றால் கொடுக்க மாட்டாய். மெட்ராஸில் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்துப் போனதும் அதனால்தான். டின்னில் பிளக்கைப் போட்டது ஒரு பாவம் என்றால், ரசக் கரண்டியோடு நின்றது அதைவிடப் பெரிய பாவம். முதலாவது ஒரு சாயங்காலத்துப் புத்தி. இரண்டாவதை நான் தினமும் செய்துகொண்டிருந்தேன்.

நீ அழுது தூங்கிய மறுநாள் விடிந்ததும் அவரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“ந்தாங்க, அந்தப் பிளக்கு… நான்தான்.”

“தெரியும்.”

“பையன் கிட்டயாவது சொல்லிடறேங்க.”

“வேணாம். நீ பீங்கானப் பாத்து நல்லது கெட்டது சொல்ற பொம்பள. கீறல மறைச்சவள்னு தெரிஞ்சா ஷெட்டுல ஒரு நாள் வைப்பாங்களா? என் வேலதான் போச்சு. ஒன் வேலயும் போச்சுன்னா பையன எப்பிடிப் படிக்க வைக்கிறது?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையோடு அந்தக் கேடுகெட்ட கேள்வியும் வந்துவிட்டது. “அந்தம்மா கிட்ட அவ்ளோ பேசினீங்களே. ஒரு நாளாச்சும் எங்கிட்ட பேசியிருக்கீங்களா?”

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை நிஜமாகவே ஆச்சரியமாகப் பார்த்தார். “நீ கேட்டதே இல்லியே” என்றார். “அந்தம்மா கேட்டாங்க. சொன்னேன். நீ பிளக்க வாங்குவ, டின்னுல போடுவ, போயிடுவ. ஒனக்குப் புடிக்கலன்னு நெனச்சிக்கினேன்.”

என்னத்தைச் சொல்ல! நான் பேசினால் அவருக்குப் பிடிக்காது என்று நான் இருந்தேன். பேசினால் எனக்குப் பிடிக்காது என்று அவர் இருந்தார். நடுவில் ஒரு குழந்தை போய்விட்டது. அன்று சாயங்காலம் நான் முதல் தடவையாகக் கேட்டேன், “அந்த வால்வு எதுக்குத் தேயுது?” என்று. அவர் சொல்ல ஆரம்பித்தார். கோடு கோடாகப் பென்சிலால் தரையில் போட்டுக் காட்டினார். இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கொட்டகையை மூடி வேப்பூருக்குப் போன பிறகும், சனிக்கிழமை வரும்போதெல்லாம் லாரிக்காரர்கள் யாராவது கொடுத்த பெட்ரோல் வண்டிப் பிளக்குகளைத் துணியில் முடிந்து கொண்டுவருவார். நான் மையில் முக்குவேன். பிஸ்கட் டின் அதே டின்தான். நான் அதில் போட்டதை அவர் இன்றும் திருப்பிப் பார்ப்பதில்லை. நான்தான் இப்போது ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்க்கிறேன்.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் தாயாயிற்றே, சொல்கிறேன். அவளுக்கு ஆறு பக்கம் எழுதுகிறாயே, கல்யாணமான பிறகும் எழுது. ஆபீஸிலிருந்து வந்து “சோறு போடு” என்பதோடு நிறுத்திக்கொள்ளாதே. உன் மேஜையில் என்ன ஃபைல் வந்தது, யார் திட்டினார்கள், எதற்குச் சிரித்தாய் என்று சொல்லு. அவள் கேட்காவிட்டாலும் சொல்லு. அம்மா மருமகளே, நீயும் கேட்டுக்கொள்; நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவன் பேசாமல் இருந்தால் நீ கேள். முறுக்கிக்கொண்டு போய் அடுப்படியில் உட்காராதே. நீங்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாத்தியாரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பவுடர் டப்பாவும் கொடுத்திருக்கிறேன். உள்ளே அந்த இரண்டு பிளக். உன் அப்பா டூல் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவர் ஏன் எறியாமல் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. அது ஒன்றைத்தான் இன்னும் கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதே. மாடிக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார். சிவப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. அது என் கையெழுத்து.

பார்த்த பிறகு அச்சுக்காரரிடம் போ. உன் அப்பா பெயருக்குக் கீழே ‘மோட்டார் மெக்கானிக்’ என்று போடச் சொல். பெண்ணாடத்துச் சித்தப்பா கேட்டால் நடந்ததைச் சொல், இந்தக் கடிதத்தையே காட்டு. நான் ஷெட்டிலிருந்து விலகி இரண்டு வருஷமாகிறது, இனிமேல் என்னை யார் எங்கிருந்து நீக்க முடியும்? உங்கள் கல்யாணத்துக்கு யாரையாவது மறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற என் பெயரை எடுத்துவிடு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து நீ தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் மேடையில் உன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வாத்தியார் ஊர் திரும்ப வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறார். டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு. மறந்துவிட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை உன் அப்பா பெட்டியைத் திறந்து, இங்க இருந்தது எங்கே என்று கேட்பார். பையனிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்வேன். இந்தத் தடவை ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வேன்.

உன் அம்மா